காட்டேரியின் இன்னொரு பெயர்

என் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில், வயதுக்கு வந்த ஒன்பதாம் நாள் அவள் செத்துப்போனாள். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். மஞ்சள் நீராட்டுக்குப் போட்ட பச்சை ஓலைக் குடிசை காய்வதற்குள் அதே ஓலையைப் பிரித்துப் பாடை கட்டினார்கள் என்று ஆயா சொல்லும். "நிக்கவே இல்லடா. துணி மேல துணி. காட்டேரி குடிச்சிடுச்சு."

காட்டேரி ஏன் வந்தது என்பதற்கும் ஊரில் ஒரு பதில் இருந்தது. உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் பிள்ளையை அனுப்பியது ஆயாதான். இதை ஆயாவின் மாமியார் சொன்னார், தாத்தா சொன்னார், எழவுக்கு வந்தவர்களும் சொன்னார்கள். ஐம்பது வருஷம் ஆயா அந்தப் பதிலோடு வாழ்ந்தது.

புண்ணையும் பேயையும் சேர்த்துப் பார்ப்பது நம் ஊரில் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அந்தத் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்ததைப் பதிற்றுப்பத்தில் பாடியவர் அரிசில் கிழார். புறநானூற்றின் 281ஆம் பாட்டும் அவருடையது. போரில் புண்பட்ட ஒருவன் வீட்டில் கிடக்கிறான். வாசலில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். வெண்கடுகு தூவுகிறார்கள், யாழ் வாசிக்கிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள். எல்லாம் அவன் புண்ணைப் பேய் அண்டாமல் காப்பதற்கு. மாவட்டம் முழுக்க நிற்கும் நடுகற்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வரும். கல்லில் அம்பு தைத்தபடி நிற்கிறவர்களில் எத்தனை பேர் ரத்தம் நிற்காமல் போனார்களோ.

ரத்தம் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு மனிதனிடம் சரியான பதில் வர 1882 வரை ஆனது. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஜூலியோ பிட்சோசெரோ, உயிருள்ள கினிப்பன்றியின் மெல்லிய ரத்தக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பணு, வெள்ளையணு இரண்டும் அல்லாத குட்டித் தட்டுகள் ஓடின. குழாயில் காயம்பட்ட இடத்தில் அவை முதலில் ஒட்டின, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்தன. அவைதான் தட்டணுக்கள். ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும். உட்கரு கிடையாது. ஏழு முதல் பத்து நாள் ஆயுசு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை.

இந்தக் கடைசி எண்ணை டெங்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கிவிட்டது. "கவுண்ட் எவ்ளோ?" என்று கேட்காத வாட்ஸ்அப் குழு இல்லை. பப்பாளி இலைச்சாறு குடிக்காத வீடு இல்லை. ஆனால் எண்ணிக்கை பாதிக் கதைதான் என்பதை எங்கள் வீடு என் அண்ணன் மகள் வழியாகத் தெரிந்துகொண்டது.

இரண்டு வயதில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வரத் தொடங்கியது. பால் பல் விழுந்தால் இரண்டு நாள் கசியும். லேசாக இடித்துக்கொண்டாலும் தொடையில் நாவல்பழ நிறத்தில் திட்டு. ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். "கவுண்ட் நார்மல்தான். வெயிலுக்கு வருது, சில்லுனு தண்ணி குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று வருஷமும் அதே பதில்தான் வந்தது. கடைசியில் யாரோ சொல்லி ஊத்தங்கரை, திருப்பத்தூர், வாணியம்பாடி வழியாக வேலூர் சி.எம்.சி.க்கு பஸ் ஏறினோம்.

அங்கே செய்த பரிசோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. தட்டணுக்கள் மிதக்கும் திரவம் கலங்கலாக இருக்கும். அதில் அவற்றைத் தூண்டும் பொருளைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், திரவம் தெளியும், ஒளி அதிகம் ஊடுருவும். அந்த ஒளியை அளந்தால் ஒட்டும் திறனை வரைபடமாகப் பார்க்கலாம். 1962இல் இதைச் சொன்னவர் குஸ்டாவ் பார்ன். சி.வி. ராமன் அழைத்து 1935-36இல் சில மாதங்கள் பெங்களூரில் இருந்த இயற்பியலாளர் மாக்ஸ் பார்னின் மகன். எங்கள் பிள்ளையின் ரத்தத்தில் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்தார்கள். கோடு எழவே இல்லை. ரிஸ்டோசெட்டின் என்ற ஒன்றுக்கு மட்டும் அசைந்தது. தட்டணுக்கள் போதுமான அளவு இருந்தன. ஆனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

அந்த நோயின் பெயர் கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியா. 1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எடுவர்ட் கிளான்ஸ்மன், தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் வடிகிறவர்களை விவரித்தார். அவர்களுக்கு உறைந்த ரத்தம் சுருங்கி இறுகவில்லை. காரணம் தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1974இல் பிரான்சில் நர்டனும் கானும் இந்த நோயாளிகளின் தட்டணுச் சவ்வில் ஒரு புரதம் குறைவதைக் கண்டார்கள். சாதாரணத் தட்டணு ஒவ்வொன்றின் மேலும் அந்தப் புரதக் கைகள் சுமார் 80,000 இருக்கும். ரத்தத்தில் ஓடும் ஃபைப்ரினோஜென் என்ற கயிற்றை இந்தப் பக்கம் ஒரு தட்டணு பிடிக்கும், அந்தப் பக்கம் இன்னொன்று பிடிக்கும். கை இல்லாதவர்களுக்குக் கயிறு இருந்தும் பயனில்லை.

உலகத்தில் மிக அரிதான நோய் இது. ஆனால் மருத்துவ நூல்கள் இது கூடுதலாகக் காணப்படும் சில மக்களைச் சொல்லும்போது, ஈராக்கிய யூதர்கள், ஜோர்டான் பக்கத்து அரபிகள், பிரான்சின் ஜிப்சிகள் ஆகியோரோடு தென்னிந்தியர்களையும் சேர்த்துச் சொல்கின்றன. 1981இலேயே வேலூர் மருத்துவர்கள் தென்னிந்தியாவிலிருந்து 42 பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். அது எவ்வளவு பெரிய எண் என்பதற்கு ஒரு ஒப்பீடு: 1990இல் பாரிஸ் நோயாளிகளையும் அதுவரை அச்சில் வந்த மற்றவர்களையும் திரட்டிய ஒரு புகழ்பெற்ற ஆய்வுக்குக் கிடைத்தவர்கள் 177 பேர்தான்.

இந்த மக்களுக்குள் பொதுவானது சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் வழக்கம். பழுதான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் வந்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். இருவரும் அதைச் சுமக்கிறவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. தாத்தா, ஆயாவுக்குச் சொந்தத் தாய்மாமன். என் அண்ணன் கட்டியது அத்தை மகளை. செத்துப்போன தங்கைக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் அப்பாவும் பெரிய அத்தையும் அந்த ஒற்றை மரபணுவை ஒன்றும் தெரியாமல் சுமந்து கடத்தியிருக்க வேண்டும். உறுதி சொல்ல அவள் ரத்தம் ஒரு துளியும் மிச்சமில்லை. ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

அவள் கதைக்கு உலகத்தில் ஒரு துணைக் கதை இருக்கிறது. 1924இல் ஃபின்லாந்தின் ஓலந்துத் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை எரிக் ஃபான் வில்லிபிராண்டிடம் கொண்டுவந்தார்கள். அவளுடைய குடும்பத்தை ஆராய்ந்து 1926இல் அவர் எழுதிய நோய்தான் இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. அது வேறு குறைபாடு, ஆனால் முடிவு ஒன்றுதான். அந்தச் சிறுமி 13 வயதில், நாலாவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்தாள். ரத்தக்கசிவு நோய் என்றாலே நமக்கு ஹீமோபிலியாவும் ராஜகுமாரர்களும்தான் ஞாபகம். இந்த நோய்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக வரும். மாதம் தவறாமல் விலை கொடுக்கிறவர்கள் பெண்கள்.

இனிதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் வருகிறது. அமெரிக்காவில் பேரி காலர் என்ற மருத்துவர் இந்த நோயைப் பார்த்துத் தலைகீழாக ஒன்றை யோசித்தார். மாரடைப்பில் இதயக்குழாயை அடைப்பதும் தட்டணுக் கட்டிதானே? நல்ல ஆளின் தட்டணுவுக்குக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிப்போட்டால் என்ன? 1983இல் அந்தக் கைகளை மறைக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கிக் காட்டினார். அதன் வழியில் வந்த அப்சிக்சிமாப், 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1998இல் டைரோஃபைபன் வந்தது. அதன் மூலம் சுருட்டை விரியன். எங்கள் காட்டில் வரப்போரக் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்குமே, அதே பாம்பு. கடித்தால் ஈறில் ரத்தம் கசிவதற்கு முக்கியக் காரணம், உறைய வேண்டிய பொருளை எல்லாம் விஷம் செலவழித்துத் தீர்ப்பது. ஆனால் அதே விஷத்தில் தட்டணுவின் கையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் புரதமும் உண்டு. அதை மாதிரியாக வைத்துத்தான் மருந்து செய்தார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஆஸ்பிரின் இருந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் க்ரேவன் என்ற சாதாரண டாக்டர், டான்சில் எடுத்தபின் ஆஸ்பிரின் கலந்த கம் மென்றவர்களுக்கு ரத்தம் அதிகம் வருவதைக் கவனித்தார். அப்படியென்றால் இது மாரடைப்பைத் தடுக்குமோ என்று 1950களில் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1957இல் அவரே மாரடைப்பில் இறந்தார். ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் விளக்கியது 1971இல், 1982இல் நோபல். உட்கரு இல்லாத தட்டணுவால் புதிய நொதி செய்துகொள்ள முடியாது. அதனால் ஒரு மாத்திரை அதன் ஆயுசு முழுக்கக் கட்டிப்போடும்.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல். அவர் தட்டணுவின் ஒட்டும் குணத்தைக் குறைக்கக் காசு கொடுத்து வாங்குகிறோம். பேத்திக்கு அது பிறப்பிலேயே இல்லை. அவளைப் போன்றவர்களின் ரத்தத்தைப் படித்துத்தான் இந்தக் கையைக் கண்டுபிடித்தார்கள், அதைக் கட்டிப்போடவும் கற்றார்கள். மாரடைப்புக்காரர்கள் பலர் பிழைத்தார்கள். அவளுக்குக் கிடைப்பது டிரானெக்சாமிக் ஆசிட், மாதவிடாயைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் வேறொருவரின் தட்டணு. கடன் யாருக்கு யார் பட்டிருக்கிறார்கள்?

வேலூரிலிருந்து வந்த அன்று ஆயாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது: "அப்போ புளியமரத்துக்கு நான் அனுப்புனதால இல்லயா?"

"இல்ல ஆயா."

அந்த ஒரு சொல்லுக்காகவே வேலூர் போயிருக்கலாம். ஆனால் அடுத்த வாரமே அண்ணி அழத் தொடங்கினாள். "சொந்தத்துல கட்டுனதாலதானே?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். புளியமரம் போய் இது வந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இன்றும் நான்கில் ஒன்று அளவுக்குக் கல்யாணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. நிலம், நகை, தெரிந்த இடம் என்ற நிம்மதி என்று காரணம் நூறு. இனிமேல் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும், முடிந்தால் தவிர்க்கச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததற்கு ஒரு தாயைக் கூண்டில் ஏற்றுவது காட்டேரிக் கதையின் மறுபதிப்புதான்.

போன ஆனியில் பிள்ளை வயதுக்கு வந்தாள். முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் மருந்து கையில் இருந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு முறை தட்டணு ஏற்றினார்கள். பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். புத்தகப்பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறாள்: நோயின் பெயர், ரத்த வகை, ஆஸ்பிரின், ஐப்ரூஃபன் தரக்கூடாது என்ற வரி.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. "ஒங்கப்பன் மாத்திர எது?" என்று கேட்டுப் பட்டையைத் தடவிப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டது. அலமாரியில் இருந்ததை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் வைத்துவிட்டது. அப்பா தினமும் காலையில் எட்டி எடுக்கச் சிரமப்படுகிறார். ஆயா இறக்க விடவில்லை.