எண்ணப்படுவோர் எண்ணுவோராக வேண்டும்
(நலவாழ்வு ஆராய்ச்சியின் வரலாறும் நம் சமுதாயமும்)

திருவானைக்காவல் நீரின் தலம். ஐம்பெரும் பூதத் தலங்களுள் இது அப்புத்தலம். ஒருபுறம் காவிரியும் மறுபுறம் கொள்ளிடமும் ஓட, இடையே அமைந்த தீவில், சம்புகேசுவரர் கருவறையிலும் நீர் ஊறுவதாகச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆனால் அந்த நீரைக் காணும் உரிமை நம் முன்னோர்க்குச் சட்டப்படி கிடைத்தது 1939, 1947 ஆகிய ஆண்டுகளின் ஆலய நுழைவுச் சட்டங்களுக்குப் பின்னரே. நீர் எங்கே இருக்கிறது என்பது நிலநூல் கூறும் செய்தி. அது யாருக்குக் கிடைக்கிறது என்பதோ சமுதாய வரலாறு. நோயும் நலமும் அத்தகையனவே. நோய்க்கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் கிருமி வந்து சேரும் வழிகளான கிணறு, சாக்கடை, குடிசை, கூலி, பட்டினி ஆகிய அனைத்தையும் சாதி வகுத்து வைத்திருக்கிறது.

எனவே நம் சமுதாயத்தின் நலவாழ்வைப் பற்றி யார் கேள்வி கேட்டார்கள், யார் எண்ணினார்கள், திட்டங்களின் பயனை யார் மதிப்பிட்டார்கள் என்னும் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதனைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகர் எண்ணிய கணக்கு

1865ஆம் ஆண்டின் நகர் மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி தோன்றியது. பின்னர்த் திருவரங்கமும் தனி நகராட்சியாயிற்று. 1994இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி அமைந்தது. அந்நாளைய அரசினரின் பெருங்கவலை வாந்திபேதியே. திருவிழாக் கூட்டத்தில் தோன்றும் நோய் யாத்திரிகர்களோடு ஊர் ஊராகச் செல்லும் என்று அஞ்சினர். 1939இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாகும். திருவிழாக்களையும் சந்தைகளையும் பற்றிய விதிகளும் அதில் உண்டு.

இவை நன்மை பயந்த முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஊர் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கூறும் கணக்கில் ஒரு குறை உண்டு. அகன்ற தேரோடும் வீதியையும், ஆற்றங்கரை ஓரத்துச் சேரியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி இரண்டுக்குமே உரியதன்று. சராசரி குறைந்துவிட்டதென்று ஊர் மகிழும் அதே நாளில் சேரியில் சாவு குறையாமல் இருக்கவும் கூடும். தெருவாரியாக, சமூகவாரியாகப் பிரித்துப் பாராத கணக்கு, துன்பத்தை மறைத்து வைக்கும் திரையாகிவிடுகிறது.

பழியைத் துடைத்த கணக்கு

கடல் கடந்த ஒரு வரலாறு இங்கே நமக்குத் துணை நிற்கிறது. 1896இல் அமெரிக்காவில், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பிரெடரிக் ஹாப்மன் என்பவர், கறுப்பின மக்களின் சாவு மிகுந்திருப்பதற்கு அவர்களுடைய இனத்தின் இயல்பே காரணம் என்று எழுதினார். அதே காலத்தில் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில் குடியேறி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களைத் தாமே வீடு வீடாகச் சென்று கண்டு கணக்கெடுத்தார். அவர் நூல் 1899இல் வெளிவந்தது. நெருக்கமான வீடுகள், கெட்ட நீர், குறைந்த கூலி, மறுக்கப்பட்ட வேலை ஆகியவையே நோய்க்குக் காரணம், இனம் அன்று என்று அவர் காட்டினார். நோயைப் பற்றி 1906இல் தனியே ஓர் ஆய்வும் வெளியிட்டார்.

“அவர்கள் அழுக்கானவர்கள், ஆதலால் நோயாளிகள்” என்னும் பழி நமக்கும் புதிதன்று. நீரை மறுத்தவர்களே அழுக்கு என்று பழிப்பது எத்தகைய நீதி? இதனை நன்கு உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாட் நகரின் சவுதார் குளத்தில் அவரும் ஆயிரக்கணக்கான மக்களும் நீர் அருந்தினர். அது மனித உரிமைப் போராட்டம் மட்டுமன்று. தூய நீருக்கான போராட்டம் ஆதலால் பொதுச் சுகாதாரப் போராட்டமும் ஆகும். அவ்வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937இல் தான் கிடைத்தது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளரின் மகப்பேற்று உதவிக்காக அம்பேத்கர் வாதாடியதும் அதே வழிப்பட்டதே. நம் தமிழ் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக இருந்துகொண்டே ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1907இல் தொடங்கியதையும் நினைவிற் கொள்க. மருத்துவமும் விடுதலையும் அவருக்கு இருவேறு தொழில்களாகத் தோன்றவில்லை.

சேத்துப்பட்டில் கேட்கப்பட்ட கேள்வி

ஏழைகளின் வீட்டு வாயிலுக்கே சென்று உலகுக்கு விடை தந்த ஆராய்ச்சி ஒன்று நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. காசநோயாளிகளுக்குச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் வேண்டும் என்பதே அக்காலக் கொள்கை. ஆனால் படுக்கைகளோ மிகச் சில, நோயாளிகளோ பல்லாயிரம். படுக்கை கிடைக்காத ஏழை என்ன ஆவது?

சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை, குலுக்கல் போன்ற முறையில், இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் நெருக்கமான வீடுகளிலும் இருந்துகொண்டு ஓராண்டுக்கு ஒரே மருந்துகளை உண்டனர். வீட்டில் இருந்தோர்க்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. ஆயினும் இரு பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். வீட்டில் உடனிருந்தோர்க்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டை நோக்கி நகர வழிவகுத்தது. ஏழையின் குடிசை குணமடையத் தகாத இடம் என்னும் எண்ணம் அன்று வீழ்ந்தது.

ஆயினும் அந்த ஆய்வு கேளாது விட்ட கேள்வி ஒன்றுண்டு. மருந்து இருந்தால் பசியோடிருப்பவனும் பிழைப்பான் என்று அது காட்டியது. பசி நீங்கினால் நோயே வராமற் போகுமா என்று அது ஆராயவில்லை. அதற்கு விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தார்க்கு உணவுப் பொருள் வழங்கி நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. சோறும் ஒரு தடுப்பு மருந்தே என்பது எண்ணால் மெய்ப்பிக்கப்பட்டது. இதனால் விளங்குவது யாது? எந்தக் கேள்வி கேட்கப்படுகிறதோ அதற்கே ஆராய்ச்சி விடை தரும். பசித்தவன் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்திருப்பானாயின் பசியைப் பற்றிய கேள்வி முன்னரே எழுந்திருக்கும்.

திருச்சியின் கழிப்பறைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். 1987இல் திருச்சியில் தொடங்கப்பட்ட கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனமும் வேறு சில அமைப்புகளும், வாட்டர்எய்டு நிறுவனத்தின் துணையோடு நகரின் குடிசைப் பகுதிகளில் பணியாற்றின. அங்கே பொதுக் கழிப்பறைகள் இல்லாமல் இல்லை. இருந்தவை பராமரிப்பின்றிப் பாழ்பட்டுக் கிடந்தன. அவற்றைச் சீர்படுத்தி, அப்பகுதி மகளிர் குழுக்களிடமே நடத்தும் பொறுப்பை ஒப்படைத்தனர். பெண்கள் முறை வைத்து அமர்ந்து, சிறு கட்டணம் பெற்று, வரவு செலவு எழுதி, தூய்மையைக் கவனித்தனர். மிச்சப்பட்ட பணம் பகுதியின் பொதுக் காரியங்களுக்குப் பயன்பட்டது. 2002இல் கல்மந்தை, திறந்தவெளியை நாடாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2003இல் திருச்சி மாவட்டத்துத் தாண்டவம்பட்டி அவ்வாறே அறிவிக்கப்பட்ட சிற்றூராயிற்று. நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் பலர் வந்து இதனைக் கண்டு சென்றனர்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, கட்டடம் எத்தனை என்று எண்ணுவது மதிப்பீடு ஆகாது. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும் அரசுப் பதிவேட்டில் கழிப்பறையே. இரவில் விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் உள்ளதா, முதியோரும் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அஞ்சாமல் செல்கின்றனரா என்று, அதனைப் பயன்படுத்தும் பெண்ணே கேட்டறிந்து கூறுவதுதான் மெய்யான மதிப்பீடு. திருச்சி மகளிர் தம் கணக்கேட்டின் மூலம் அதனையே செய்தனர்.

இரண்டாவது பாடம் நம் நெஞ்சைச் சுடுவது. கழிப்பறை தூய்மையாயிற்று, நல்லது. அதன் தொட்டி நிறைந்தால் இறங்குபவன் யார்? பாதாளச் சாக்கடை அடைத்தால் மூச்சடக்கி உள்ளே செல்பவன் யார்? ஊரின் நலம் ஓங்கி, அவ்வூரைத் துலக்குவோனின் ஆயுள் குறையுமாயின் அந்தத் திட்டத்தை வெற்றி என்று எழுத நம்மால் இயலாது. பயன் பெற்றோரை மட்டும் எண்ணாமல், அதன் சுமையைத் தாங்கியோரையும் எண்ணுவதே நீதியான மதிப்பீடு.

நாமே எண்ணிய கணக்கு

அந்தச் சுமையை எண்ணியவர்கள் அச்சமுதாயத்து மக்களே. மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. ஆனால் பல மாநிலங்கள் தம் எல்லைக்குள் அத்தொழிலே இல்லை என்று சாதித்தன. கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சனும் தோழர்களும் அமைத்த சபாயி கர்மசாரி ஆந்தோலன் 2003இல் உச்சநீதிமன்றத்தை அணுகியது. “இல்லை” என்று அரசுகள் கூறிய இடங்களுக்கு இயக்கத்தினர் நேரில் சென்றனர். உலர் கழிப்பறைகளையும் அங்கே பணிபுரிந்த பெண்களையும் படம் எடுத்து, பெயரும் ஊரும் குறித்து மன்றத்தின் முன் வைத்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும், மனிதரே கழிவகற்றும் கழிப்பறைகள் ஏறத்தாழ 7.94 இலட்சம் என்று ஒப்புக்கொண்டது. 2013இல் புதிய சட்டம் பிறந்தது. 2014 மார்ச்சு 27ஆம் நாள் வந்த தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைகளில் மாண்டவர் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023இல் உச்சநீதிமன்றம் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

பல்கலைக்கழகப் பட்டம் பெறாதோரும் எடுத்த கணக்கு, அரசுகள் கொடுத்த கணக்கை வென்றது. இதனினும் சிறந்த சமுதாய ஆராய்ச்சி எது?

எண்ணைப் படிக்கவும் கற்க வேண்டும்

எண்ணுவது போலவே எண்ணைப் புரிந்துகொள்வதும் கல்வியே. 2018இல் ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் தலித் பெண்கள் சராசரியாக 39.5 வயதிலும், உயர்சாதிப் பெண்கள் 54.1 வயதிலும் இறப்பதாக அது கூறியது. இடைவெளி 14.6 ஆண்டு. இது இறந்தோரின் சராசரி வயது. பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்னும் கணக்கு அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் மேடையில் முழங்கினால், அறிந்தவன் ஒருவன் எழுந்து நம்மை மடக்குவான். அறிந்து பேசினால் அதே எண் நம் கையில் அசையாத சான்றாக நிற்கும்.

இளைஞர் கடமை

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளி சென்றோரையும் தேர்ச்சி பெற்றோரையும் எண்ணி வந்திருக்கிறது. இனி நலத்தையும் எண்ணுவோமாக. படித்த இளைஞரும் இளம்பெண்களும் இருவர் இருவராகத் தத்தம் தெருவில் வீடு வீடாகச் செல்லலாம். குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, கழிப்பறை பயன்படுகிறதா, கடந்த ஓராண்டில் யார் எதனால் இறந்தார், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து தவறாமல் கிடைக்கிறதா என நான்கு கேள்விகள் போதும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நம் தெருவைத் தேடி வந்ததா என்பதற்கும் விடை கிடைத்துவிடும். ஆறு திங்கள் கழித்து அதே வீடுகளுக்கு மீண்டும் சென்று கேட்டால் மாறியது எது, மாறாதது எது என்பது தெரியும். அதுவே திட்ட மதிப்பீடு.

மூன்று நெறிகளை மறவாதீர். இசைவின்றி எவரையும் கேளாதீர். ஒருவர் நோயை ஊரறியச் செய்யாதீர். பெயரை மறைத்து எண்ணை மட்டும் கூறுக. எண்ணி முடித்ததும் அதே தெருவில் கூட்டம் கூட்டி, கண்டதை முதலில் அம்மக்களுக்கே படித்துக் காட்டுக. பின்னரே மாநகராட்சிக்கும் நலவாழ்வு நிலையத்திற்கும் எடுத்துச் செல்க. மக்களிடம் வாங்கிச் சென்று மக்களுக்குத் திருப்பித் தாராத ஆராய்ச்சி, கடன் வாங்கித் திருப்பாதவன் செயலை ஒக்கும்.

நம்மைப் பிறர் எண்ணிய காலம் நீண்டது. மக்கள்தொகைக் கணக்கில் எண்ணினர், நோய்க்கணக்கில் எண்ணினர், இறப்புக் கணக்கிலும் எண்ணினர். நம் வீட்டு வாயிலில் நின்று நாமே கேள்வி கேட்டு, நாமே எழுதி, நாமே தீர்ப்புச் சொல்லும் காலம் இவ்வெள்ளி விழா ஆண்டில் தொடங்கட்டும். பொன்விழா மலரை எழுதப்போகும் இளைஞன் நம் தெருக்களின் நலத்தை அறிய, இன்று நாம் எழுதி வைக்கும் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பானாக.