குப்புசாமி எங்கே போனார்?

ஒரு கல்லூரி வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிணி, விக்னேஷ், தர்ஷினி, ஸ்ரீராம் என்று போகும். அவர்களின் அப்பா பெயர்களைப் பார்த்தால் ரமேஷ், செந்தில், அன்பழகன். தாத்தா பெயரையும் எழுதச் சொன்னால்? குப்புசாமி, பிச்சை, நெல்லையப்பன், மாடசாமி! மூன்றே தலைமுறையில் ஒரு கூட்டமே காணாமல் போய்விட்டது. எல்லாம் ஃபேஷன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பெயரும் வந்ததற்கும் போனதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

ஊர் சொல்லும் பெயர்கள்

'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதில் இருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதனால் ஒரு குடும்பத்தில் நாலைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வந்தன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. தன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகவே துரை, ராசு, தம்பி என்று வீட்டுக்கு ஒரு பெயர் தனியாக இருந்தது.

அந்தக் குடும்பப் பெயர்களும் பெரும்பாலும் உள்ளூர் சாமியின் பெயர்கள். நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலிப் பக்கம். (காந்திமதிக்கும் காந்திக்கும் சம்பந்தமில்லை, அது அங்குள்ள அம்மன் பெயர்!) கோமதி என்றால் சங்கரன்கோவில், தாயுமானவன் என்றால் திருச்சி, தியாகராஜன் என்றால் திருவாரூர். பெயரைக் கேட்டாலே ஓரளவு ஊரைச் சொல்லிவிடலாம்.

எமனை ஏமாற்றிய பெயர்கள்

குப்புசாமி கதை வேறு. முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்துவிட்டால், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். அல்லது வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். இது யாருக்கும் வேண்டாத குழந்தை என்று எமன் நினைத்துக்கொண்டு விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. அப்படி வந்த பெயர்கள்தான் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை எல்லாம். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் வைத்த தாய் அதற்கு முன் எத்தனை பிள்ளைகளைப் புதைத்திருப்பாள்?

பெண்களுக்கு இன்னொரு வகைப் பெயரும் இருந்தது. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'. அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். இங்கே ஏமாற்றப்பட்டது எமன் அல்ல, அந்தப் பெண்தான். வாழ்நாள் முழுக்க அவளை எல்லோரும் 'வேண்டாம்' என்றே கூப்பிட்டார்கள்.

மேடை கொடுத்த பெயர்கள்

பெயரில் சாதியும் இருந்தது. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிப்பதாக இருக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் வெளிப்படையாகவே சொல்கிறது. இதை உடைக்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது சுவாமி வேதாசலம் தன் பெயரை மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவர்களைப் பார்த்துத் தொண்டர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வி, மணிமேகலை, இளங்கோ என்று வைத்தார்கள். உலக அரசியலும் தொட்டிலுக்கு வந்தது. ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் இறந்தது 1953 மார்ச் 5. அதற்கு நான்கு நாள் முன்பு பிறந்த தன் மகனுக்கு மு. கருணாநிதி அந்தப் பெயரையே வைத்தார்.

மாடசாமி என்றால் எந்தச் சாதியாக இருக்கும் என்று ஊரில் ஊகிப்பார்கள். இளங்கோ என்றால்? ஊகிக்க முடியாது. அந்தப் பெயர்களின் பலமே அதுதான்.

'ன்' உதிர்ந்த காலம்

அடுத்த தலைமுறையில் கணேசன் கணேஷ் ஆனார், மகேசன் மகேஷ் ஆனார். பெண் பெயர்களில் இருந்த 'அம்மாள்' கழன்று விழுந்தது. படிப்பும் வேலையும் சென்னை, பம்பாய் என்று வெளியே இழுத்தபோது, எந்த ஊரிலும் செல்லுபடியாகும் பெயர் தேவைப்பட்டது. சினிமாவும் கை கொடுத்தது. பிறகு நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும் சேர்ந்துகொண்டன. அசுவினி நட்சத்திரம் என்றால் சு, சே, சோ, லா இவற்றில்தான் தொடங்க வேண்டும். கூட்டுத்தொகை சரியாக வர ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலாக வேண்டும். தாத்தா பெயர் இந்தக் கணக்கில் எங்கே பொருந்தும்?

வரவும் செலவும்

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் இரண்டும் இருக்கிறது. நெல்லையப்பன் போனது நஷ்டம்தான். ஒரு ஊரின் அடையாளம் அதோடு போய்விட்டது. இன்றைய பெயர்களை வைத்துத் திருநெல்வேலியா டெல்லியா என்று சொல்ல முடியவில்லை. 'வேண்டாம்' இன்னும் முழுசாகப் போகவில்லை. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் அந்தப் பெயர் வைக்கும் வழக்கம் இருப்பது 2019-இல் கூட செய்தியானது.

குப்புசாமி போனதோ சுத்தமான லாபம். 1951 வாக்கில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 146 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் அது 13. ஆரம்ப சுகாதார நிலையமும் தடுப்பூசியும் வந்த பிறகு எமனை ஏமாற்ற வேண்டிய அவசியம் தாய்மாருக்கு இல்லாமல் போனது.

அடுத்த முறை குப்புசாமி என்று ஒரு தாத்தாவைப் பார்த்தால் பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள் நண்பர்களே. அவருக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.