பழைய இரும்பும் புதிய வலுவும்

ஒரு காரின் எஞ்சின் உடைந்துவிட்டால் அதற்குப் பதிலாக எதனைப் பொருத்துவது? கேட்பதற்கு இது பட்டறைக்குள் எழுந்து பட்டறைக்குள்ளேயே அடங்கிவிடும் சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும், அமெரிக்காவிலே மிகுந்த வலுவுடன் ஓடிய சில கார்களின் வரலாற்றை ஆராயும்போது, பெருந்தொழிற்சாலைகளும் இதே வினாவின் முன்னே நின்று தயங்கின என்பது புலனாகும். அவற்றுள் நல்ல விடையைக் கண்டவர்கள், எஞ்சின் எவ்வளவு வலுவைத் தரும் என்று கேட்பதற்கு முன்னர், அந்த வலுவை எந்த இரும்பு தாங்கும் என்று கேட்டவர்களே.

நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய எட்டு உருளை எஞ்சினைப் பொருத்திய கார்களை அமெரிக்கர் ‘மசில் கார்’ என்பர். தசைவலிமை படைத்த வண்டி என்பது அதன் பொருள். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பொன்டியாக் ஜி.ரி.ஓ. என்னும் கார் இவ்வகையின் முன்னோடி எனப் பலராலும் கொள்ளப்படும். எஞ்சினின் வலுவைப் பெருக்குவதற்கு உருளைகளைப் பெரிதாக்குவது ஒரு வழி. மற்றொரு வழி, உள்ள உருளைகளுக்குள்ளேயே கூடுதலான காற்றை அழுத்தி நிரப்புவது. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்திலிருந்து வளர்ந்த டேர்போ என்னும் கருவி இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி உருளைகளுக்குள் அழுத்துகிறது. வீணாகும் புகையே வேலை செய்கிறது. எனினும், இந்த வலு இலவசமாகக் கிடைப்பதன்று. காற்றை அழுத்தினால் அது சூடேறும். சூடு மிகுந்தால் பெற்றோல் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, பிஸ்டனைச் சம்மட்டிபோலத் தாக்கும். டேர்போ எஞ்சின்களின் அழிவுக்குப் பெருங்காரணம் இத்தாக்குதலே.

இந்த உண்மையை முதலிலே பட்டறிந்தது ஒல்ட்ஸ்மொபீல் நிறுவனம். அது 1962ஆம் ஆண்டில் ‘ஜெட்பயர்’ என்னும் காரை வெளியிட்டது. அலுமினியத்தாலான அதன் சிறிய எட்டு உருளை எஞ்சின், டேர்போவின் துணையால் 215 பரிவலுவைத் தந்தது. முன்வெடிப்பைத் தடுப்பதற்காக, நீரும் மெதயில் மதுசாரமும் கலந்த ஒரு திரவம் உருளைகளுக்குள் செலுத்தப்பட்டது. அத்திரவம் நிறைந்த கலத்தைச் சாரதி அவ்வப்போது நிரப்ப வேண்டும். நிரப்பாவிடின், எஞ்சினைக் காப்பதற்காக ஒரு தடுக்கிதழ் இயங்கி வலுவைக் குறைத்துவிடும். பலர் நிரப்ப மறந்தனர். மறந்தபின் கார் ஓடவில்லை என்று குறைகூறினர். இரண்டாண்டுகளில் அந்தக் கார் நிறுத்தப்பட்டது. 1965ஆம் ஆண்டில், டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேற்றரைப் பொருத்தித் தருவதற்கு நிறுவனமே முன்வந்தது. ஓட்டுபவரின் நாளாந்தப் பழக்கமும் எஞ்சின் தேர்வில் ஓர் உறுப்பு என்பதை ஜெட்பயரின் வரலாறு காட்டிற்று.

அதே 1962ஆம் ஆண்டில், அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பியூக் நிறுவனம் ஆறு உருளைகள் கொண்ட ஓர் எஞ்சினை வெளியிட்டது. எட்டு உருளை எஞ்சினின் வடிவத்தைத் தழுவி, இரண்டு உருளைகளைக் குறைத்து, மலிவான வார்ப்பிரும்பில் அது செய்யப்பட்டது. இரு வரிசை உருளைகளும் 90 பாகைக் கோணத்தில் அமைந்திருந்தமையால், வெடிப்புகள் சமமான இடைவெளியில் நிகழவில்லை. எஞ்சின் நடுங்கிற்று. பெற்றோல் மலிவாக இருந்த அந்நாளில் அமெரிக்கர் எட்டு உருளைகளையே விரும்பினர். எனவே, 1967ஆம் ஆண்டில் பியூக் நிறுவனம் அந்த எஞ்சினைச் செய்யும் இயந்திர சாதனங்கள் யாவற்றையும் கைசர் ஜீப் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 1970ஆம் ஆண்டில் ஜீப் நிறுவனம் அமெரிக்கன் மோட்டார்ஸ் வசமாயிற்று. புதிய உரிமையாளரிடம் சொந்தமான ஆறு உருளை எஞ்சின் இருந்தமையால், பியூக்கின் பழைய எஞ்சின் அங்கும் கைவிடப்பட்டது.

1973ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தன. பெற்றோல் நிலையங்களின் முன்னே அமெரிக்கர் வரிசையில் நின்றனர். பியூக் நிறுவனத்துக்குச் சிறிய, சிக்கனமான எஞ்சின் ஒன்று உடனடியாகத் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை வரைந்து, வார்த்து, சோதித்து முடிப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அப்பொழுது பொறியியலாளர்கள் தாம் விற்றுவிட்ட எஞ்சினை நினைத்தனர். பழைய எஞ்சின் ஒன்றைத் தேடியெடுத்து, அக்காலத்துக் கார் ஒன்றிலே பொருத்தி ஓட்டிப் பார்த்தனர். அது நன்கு ஓடிற்று. 1974ஆம் ஆண்டில், விற்ற சாதனங்களையே பியூக் திரும்ப வாங்கிற்று. தமது எட்டு உருளை எஞ்சினின் உருளை விட்டத்தையே இதற்கும் கொடுத்து, கொள்ளளவை 3.8 லீற்றராக உயர்த்தி, 1975ஆம் ஆண்டுக் கார்களிலே பொருத்தினர்.

திரும்பப் பெற்ற எஞ்சினின் குறையை அவர்கள் மறைக்கவில்லை, திருத்தினர். இரண்டு பிஸ்டன்கள் பற்றியிருந்த கிராங்குத் தண்டின் முளையை 30 பாகை பிரித்து அமைத்தமையால், 1977ஆம் ஆண்டிலிருந்து வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்ந்தன. நடுக்கம் தணிந்தது. 1976ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் பந்தயத்திற்கு முன்னோடிய பியூக் காரில் டேர்போ பொருத்தப்பட்டிருந்தது. 1978ஆம் ஆண்டில் டேர்போ எஞ்சின் விற்பனைக்கு வந்தது. முன்வெடிப்பின் ஒலியைக் கேட்டுணர்ந்து, தீப்பொறியைத் தாமதப்படுத்தும் மின்னணுக் கருவி அதில் இருந்தது. ஜெட்பயரில் சாரதியின் நினைவை நம்பி விடப்பட்ட காவலை இங்கே கருவியே ஏற்றுக்கொண்டது.

அதன்பின் வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. 1984ஆம் ஆண்டில், கரிய நிறங்கொண்ட ‘கிராண்ட் நஷனல்’ கார் 200 பரிவலுவுடன் வந்தது. 1986ஆம் ஆண்டில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் சாதனம் சேர்ந்து வலு 235 ஆயிற்று; 1987ஆம் ஆண்டில் 245 ஆயிற்று. அவ்வாண்டிலேயே ஜி.என்.எக்ஸ். என்னும் சிறப்பு வகை 547 கார்கள் மட்டும் செய்யப்பட்டன. அவற்றின் வலு 276 என அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்தக் கார் வரிசை நிறுத்தப்பட்டது. எஞ்சினோ இன்னொரு காருக்குள் புகுந்தது. 1989ஆம் ஆண்டில் பொன்டியாக் நிறுவனம் தன் டிரான்ஸ் அம் காரின் இருபதாம் ஆண்டு நினைவு வகைக்கு, எட்டு உருளை எஞ்சினை விலக்கி, பியூக்கின் டேர்போ எஞ்சினையே தேர்ந்தது. இரு உருளைகள் குறைந்த எஞ்சின், மசில் கார் ஒன்றின் மிக வலிய வகையை ஓட்டிற்று.

இந்த வெற்றிக்கு ஓர் எல்லையும் உண்டு. 1985ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், பியூக் டேர்போ எஞ்சின் பூட்டிய காரை ஓட்டிய பான்சோ கார்ட்டர், தகுதிச் சுற்றுகளில் யாவரையும் விஞ்சி முதலிடத்தைப் பெற்றார். பந்தய நாளிலோ, எண்ணெய்ப் பம்பி பழுதடைந்தமையால், ஆறே சுற்றுகளுடன் அவர் விலக நேர்ந்தது. சில நிமிட நேரம் வேகம் காட்டுவது ஒன்று. 500 மைல் தூரம் தாங்குவது வேறொன்று.

இன்று கிராண்ட் நஷனல் ஒன்றை வைத்திருந்து, வலுவை மேலும் கூட்டி, எஞ்சினை உடைத்துக்கொண்டவர் இந்த வரலாற்றின் முன்னேதான் நிற்கிறார். அவர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. தொழிற்சாலை வார்த்த புளொக்கையே புதுக்குவது முதலாவது வழி. கிராங்குத் தண்டைத் தாங்கும் அதன் மூடிகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆணிகளாலேயே பிணைக்கப்பட்டவை. மிகுந்த அழுத்தத்தில் அவை அசையும். அசைந்தால் புளொக் வெடிக்கும். உருக்கு மூடிகளையும், அடித்துச் செய்த பிஸ்டன்களையும் இட்டு இக்குறையை ஓரளவு நீக்கலாம். காரின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் பொருந்தியிருப்பதைச் சேகரிப்போர் பெரிதும் மதிப்பதால், காரின் பெறுமதியைக் காக்கும் வழியும் இதுவே. பந்தயத்திற்கென்று தடித்த சுவர்களுடன் வார்க்கப்பட்ட புளொக்கைத் தேடிப் பெறுவது இரண்டாவது வழி. அது உறுதியானது, அரியது, பெரும் பணம் கேட்பது. 1997ஆம் ஆண்டுக் கோர்வெட் காருடன் அறிமுகமான எல்.எஸ். வகை எட்டு உருளை எஞ்சினைப் பொருத்துவது மூன்றாவது வழி. அது எளிதிற் கிடைப்பது. மிகுந்த வலுவைத் தாங்குவது. ஆனால், ஆறு உருளைகளால் பெயர் பெற்ற அந்தக் காரின் தனித்தன்மை அங்கே மறைந்துவிடும்.

எந்த வழியைக் கொண்டாலும், வலு எஞ்சினோடு நின்றுவிடுவதில்லை. பற்சக்கரப் பெட்டியும் பின்னச்சும் தடுப்புகளும் அதனைத் தாங்க வேண்டும். எஞ்சினுக்கே பணமெல்லாம் செலவிட்டவர், ஒரு மாதத்தில் பற்சக்கரப் பெட்டியை உடைத்துக்கொண்டு மீண்டும் பட்டறை வாசலுக்கு வருவது உண்டு. ஆகவே, கார் தெருவில் ஓடுவதற்கா, கால் மைற் பந்தயத்திற்கா, காட்சிக்கா என்பதை முதலில் உறுதிசெய்து, அதற்கு வேண்டிய வலுவை மட்டும் வரையறுத்து, அந்த வலுவைத் தாங்கும் புளொக்கைத் தேர்ந்து, எஞ்சியவற்றை அதன்மேல் அமைப்பதே முறையாகும்.

1974ஆம் ஆண்டில் பியூக் பொறியியலாளர்கள் செய்ததும் இதுவே. அவர்கள் புதுமையை நாடவில்லை. பழமையிடம் பற்றுக்கொண்டு திரும்பவுமில்லை. தேவை யாது என்று கண்டனர். கைவிட்ட இரும்பை எடுத்து ஓட்டிச் சோதித்தனர். குறையை அறிந்து திருத்தினர். ஒருமுறை விற்றுத் தள்ளப்பட்ட எஞ்சின் பதின்மூன்று ஆண்டுகளின் பின் தன் நாட்டின் விரைவான கார்களுள் ஒன்றை ஓட்டியது அந்தப் பொறுமையின் பயனாகும்.