அபின், கோடீன், சிவப்புத் தண்ணி

பழவேற்காட்டுக்கும் இருமல் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் டச்சுக்காரர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

1613-ல் அவர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் பக்கத்துத் துணிகள் கப்பலேறி ஜாவா, சுமத்ரா வரை போன கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத சரக்கு ஒன்று உண்டு. அபின். நம் மண்ணில் விளைந்ததல்ல, பீகார், வங்காளத்துச் சரக்கு. ஆனால் 1655 வரை டச்சுக்காரர்களின் வங்காள வியாபாரம் முழுவதும் சோழமண்டலக் கரை நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டது. அந்த நிர்வாகத்தின் தலைமையிடம் நம் ஊர். பிறகு வங்காளம் தனியாகப் பிரிந்தது, 1690-ல் தலைமையிடமும் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று, அபின் வியாபாரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1745-ல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அபின் விற்பதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள்.

ஜாவாக்காரன் புகைக்கிற அதே அபின்தான் ஐரோப்பாவில் மருந்து. ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்து ரசாயனப் பேராசிரியர் லே மோர்ட் என்பவர் ஆஸ்துமாவுக்காக ஒரு திரவம் செய்தார். அபின், கற்பூரம், தேன், அதிமதுரம், சாராயம் எல்லாம் சேர்ந்தது. 1721-ல் லண்டன் மருந்து நூலிலும் அது ஏறிவிட்டது. பேரகாரிக் என்ற பெயரில் இருநூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரி வந்தபோது கற்பூர அபின் டிங்சர் என்று நம் நாட்டுக்கும் வந்தது.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கால ஆஸ்பத்திரி நினைவிருக்கும். வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று ஓரம் வெட்டிய காகிதத் துண்டைப் பாட்டிலில் ஒட்டித் தருவார். நானும் பின்னாளில் அரசு மருந்தாளுநராக அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவன். குப்பத்து ஆயாக்கள் பாட்டிலை நீட்டி, "சார், போன தபா குடுத்த செவப்புத் தண்ணியே குடு, அதான் கேக்குது" என்பார்கள். எங்கள் சிறிய நிலையத்துச் சிவப்புத் தண்ணியில் அபின் கிடையாது. நிறம்தான் அவர்களுக்கு நம்பிக்கை. பெரிய ஆஸ்பத்திரிகளின் சில கலவைகளில் நிஜமாகவே அபின் டிங்சர் இருந்தது. குடித்தவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அங்கேதான் சிக்கல்.

அபினிலிருந்து முதலில் மார்பினைப் பிரித்தார்கள். 1832-ல் பாரிஸில் ரொபிகே என்பவர் கோடீனைப் பிரித்தார். மார்பினைவிட மிதமானது என்பதால் இருமலுக்கு இதுவே போதும் என்று ஆயிற்று. அதோடு விட்டார்களா? 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி மார்பினிலிருந்து செய்த ஒரு புது இருமல் மருந்தை விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் ஹெராயின். ஆம், அதே ஹெராயின்தான். மார்பினைப் போல அடிமைப்படுத்தாது என்று நம்பி டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். உண்மை தெரிந்து 1913 வாக்கில் கம்பெனியே தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று வின்ஸ்லோ அம்மையார் பெயரில் ஒரு சிரப் விற்றார்கள். உள்ளே மார்பின். குழந்தை அழாமல் தூங்கியது. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

(இடையில் ஒன்று. நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் இதே செடியின் விதைதான். விதையில் போதை இல்லை, காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் எல்லாம். இருந்தாலும் வளைகுடா நாடுகளில் கசகசாவுக்குத் தடை உண்டு. துபாய்க்குப் போகும் பிள்ளைகளின் பெட்டியில் மசாலாப் பொட்டலம் வைக்கும் தாய்மார்கள் கவனிக்கவும்.)

நம் நாட்டில் இன்றும் மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சோர், ராஜஸ்தானின் சித்தோர்கர் பக்கங்களில் அரசு உரிமம் வாங்கிய விவசாயிகள் அபின் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அதை வாங்கிப் பதப்படுத்துகின்றன. காஜிப்பூர் ஆலை 1820 முதல் நடக்கிறது. கம்பெனிக்காரன் சீனாவுக்கு அபின் அனுப்பிய காலத்து ஆலை, இப்போது கோடீன் தருகிறது.

அந்தக் கோடீன்தான் கோரெக்ஸ், பென்செடில் என்று பாட்டிலில் வந்தது. 5 மில்லியில் 10 மில்லிகிராம் கோடீன், கூடவே தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமின். அப்படியானால் 100 மில்லி பாட்டிலில் 200 மில்லிகிராம் கோடீன். பெரியவருக்கு ஒரு வேளைக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் போதும். போதைக்குக் குடிப்பவன் பாட்டிலையே கவிழ்த்துக் குடித்தான். வங்கதேசத்தில் 1982-ல் பென்செடிலைத் தடை செய்தார்கள். அதன் பிறகு நம் எல்லையிலிருந்து அங்கே கடத்துவதே பெரிய தொழிலாகிவிட்டது.

1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில், கோடீன் குறைவாகச் சேர்த்த மருந்துகளுக்கு விலக்கு உண்டு. நோயாளிக்காகத் திறந்த அந்தச் சந்தில் மற்றவர்களும் புகுந்தார்கள். 2014 மார்ச் முதல் கோடீன் எச்1 பட்டியலில் சேர்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது, அவற்றில் இந்தச் சிரப்புகளும் இருந்தன. டில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2023 ஜூனில் கோடீன், குளோர்பெனிரமின் சேர்ந்த சிரப்புக்கு மறுபடி தடை வந்தது. ஒரு சேர்க்கை போனால் இன்னொரு சேர்க்கை வரும். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், லேபிளில் சிறிய எழுத்தில் கோடீன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டும் தெரியவில்லையா, பேரனைப் படிக்கச் சொல்லுங்கள்.

கோடீன் ஈரலில் மார்பினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலருக்கு இது மிக வேகமாக நடக்கும், யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு வழக்கமான அளவே விஷமாகலாம். அதனால்தான் 2017-ல் அமெரிக்க மருந்துத் துறை 12 வயதுக்குக் கீழே கோடீன் கூடவே கூடாது என்றது. பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம் என்றது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தது வேறு விஷயம். அதில் கோடீன் இல்லை, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் அதன் பிறகு வந்த மத்திய அரசின் அறிவுரை நமக்கும் பொருந்தும். 2 வயதுக்குள் இருமல், சளி மருந்தே எழுதக்கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை.

நம் வயதில் ஆபத்து வேறு விதம். தூக்க மாத்திரை போடுகிறவர், ராத்திரி ஒரு கிளாஸ் போடுகிறவர், இதையும் சேர்த்துக் குடித்தால் தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகிவிடும். ஆஸ்துமாக்காரருக்கும், விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டவருக்கும் இன்னும் மோசம். மலச்சிக்கல் நிச்சயம். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் நின்றுபோகும். ராத்திரி எழுந்து கால் தடுமாறி இடுப்பெலும்பு முறித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் முகத்துவாரம் தாண்டிப் படகு ஓட்டும் பிள்ளைகள் இதைக் குடித்துவிட்டுப் போகவே கூடாது. அங்கே ஒரு நிமிடம் கண் சொருகினால் போதும்.

டாக்டர் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், சில நாளைக்கு அளவோடு குடிக்கலாம். நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், மூடியில் கோடு போட்டிருக்கும். மிச்சத்தை அடுத்த மழைக்காலத்துக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு வலி, மூக்கொழுகல், பேதி, தூக்கமின்மை எல்லாம் வரும். டாக்டரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இதில் வெட்கம் எதற்கு? குடித்தவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, குறட்டை மாதிரி மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள். இதற்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு.

இவ்வளவும் சொன்னேன், என் பெரிய கவலை வேறு. கோடீன் இருமலின் சத்தத்தை அடக்கும், இருமலுக்கான காரணத்தைத் தொடாது. சாதாரணச் சளி இருமலில் அதுகூடப் பெரிதாக நடப்பதில்லை, வெறும் பாகு கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை. அது அரசு நிலையங்களில் இலவசம். காசநோயை வீட்டிலிருந்தபடியே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம் 1959-ல் அதை வெளியிட்டது. சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஒரே மாதிரி குணமானார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் இறால் விற்கும் ஓர் அம்மா வருவார். ஒரு கடையில் சீட்டில்லாமல் சிரப் வாங்கி இரண்டு மாதம் குடித்திருக்கிறார். இருமல் ராத்திரியில் அடங்கும், காலையில் வரும். உடம்பு பாதியாகிவிட்டது. சளியைக் கொடுக்க வைப்பதற்கே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. காசநோய்தான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், அத்தனையும் இலவசம். கடைசி மாதம் மாத்திரை வாங்க வந்தபோது ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார், "அப்போ அந்த சிரப்புக்குக் குடுத்த காசெல்லாம் யாரு சார் திருப்பித் தருவாங்க?"