வில்லாளர்க்கு இறகு தந்தவர்கள்



போர்களைப் பற்றிய வரலாற்றைப் படிக்கும்பொழுது மன்னர் பெயரும் தளபதியர் பெயருமே நம் கண்ணில் படுகின்றன. இன்னார் படையெடுத்தார், இன்னார் வென்றார் என்று படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறோம். கடல் கடந்து சென்ற படைவீரனின் கையில் இருந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது? அதை யார் செய்தார்? அதற்கு வேண்டிய பொருளை யார் கொடுத்தார்? இவற்றை நாம் கேட்பதே இல்லை. இன்றைய உரையில் அந்தக் கேள்விகளைக் கேட்கப்போகிறோம். அதற்கு எடுத்துக்காட்டாக, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இங்கிலாந்து நாட்டு வில்லாளர்களையும், அவர்களுக்குப் பின்னால் நின்ற ஏழைக் குடியானவர்களையும் பற்றிக் காண்போம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337ஆம் ஆண்டு முதல் 1453ஆம் ஆண்டு வரை விட்டு விட்டுப் போர் நடந்தது. அதை நூறாண்டுப் போர் என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். போர் நடந்த இடம் பெரும்பாலும் பிரான்சு மண். ஆகவே இங்கிலாந்துப் படைவீரன் கப்பலேறித்தான் களத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையின் பெருமை இரும்புக் கவசம் பூண்ட குதிரை வீரர்கள். இங்கிலாந்துப் படையின் வலிமையோ வில்லாளர்கள். அவர்கள் பிரபுக்கள் அல்லர். உழுது பிழைத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், சிறு கைத்தொழில் செய்தவர்கள். அவர்களுக்கு நாட்கூலி பேசித்தான் அழைத்துச் சென்றார்கள். நடந்து போரிடும் வில்லாளனுக்கு நாளொன்றுக்கு 3 பென்னி, குதிரையில் செல்லும் வில்லாளனுக்கு 6 பென்னி என்பது வழக்கமாக இருந்தது.

அவர்கள் ஏந்தியது நெடுவில். ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் இருக்கும். அதை நாணேற்றி இழுப்பதற்குப் பெரும் பலம் வேண்டும். நன்கு பழகியவன் ஒரு நிமிடத்தில் பத்து அம்புகள் வரை எய்வான். ஆயிரக்கணக்கானவர் சேர்ந்து நின்று எய்யும்பொழுது அது மழை பொழிவதைப் போல் இருக்கும். 1346ஆம் ஆண்டு கிரெசி என்ற இடத்திலும், 1356ஆம் ஆண்டு புவாத்தியே என்ற இடத்திலும், 1415ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் அஜின்கோர்ட் என்ற இடத்திலும் இங்கிலாந்து பெற்ற வெற்றிகளில் இந்த வில்லாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அஜின்கோர்ட் களத்தில் ஐந்தாம் ஹென்றி மன்னரின் படையில் மிகப் பெரும்பாலோர் வில்லாளர்களே. அவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் என்று மதிப்பிடுகின்றனர்.

இனி அந்த அம்பைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முனையில் இரும்பு. அது கொல்லன் உலையிலிருந்து வந்தது. அந்த இரும்பு மட்டமாக இருக்கக்கூடாது, முனைக்கு உருக்கேற்ற வேண்டும், செய்த கொல்லன் தன் அடையாளத்தையும் பொறிக்க வேண்டும் என்று 1406ஆம் ஆண்டு சட்டம் செய்தார்கள். நடுவில் தண்டு. ஆஸ்பன் என்னும் மரம் அதற்கு ஏற்றது; இலேசானது, நேராகச் சீவலாம். அதே மரத்தில்தான் அந்நாட்டு மக்கள் சேற்றில் நடப்பதற்கான கட்டைமிதியடிகளையும் செய்து வந்தனர். அம்புக்கு மரம் போதவில்லை என்று கண்டு, மிதியடி செய்வோர் ஆஸ்பன் மரத்தைத் தொடக்கூடாது என்று 1416ஆம் ஆண்டு தடை விதித்தார்கள். மீறினால் 100 ஷில்லிங் அபராதம். போர் நடந்ததோ கடலுக்கு அப்பால். ஊரில் மிதியடி செய்து பிழைத்தவனின் தொழிலிலும் அது கை வைத்துவிட்டது, பாருங்கள்.

அம்பின் வால் பக்கத்தில் இருப்பவை மூன்று இறகுகள். இறகில்லாத அம்பு நேராகப் போகாது. காற்றில் தள்ளாடித் திசை மாறிவிடும். அதற்கு மிகவும் ஏற்ற இறகு, மலாய்க்காரர் ‘அங்சா’ என்று சொல்லும் பெருவாத்தின் சிறகிலிருந்து கிடைப்பது. இறகைப் பிளந்து, அளவாக வெட்டி, தண்டில் பசையால் ஒட்டி, மெல்லிய நூலால் சுற்றிக் கட்டுவார்கள். இந்த வேலைக்கென்றே தனித் தொழிலாளர் இருந்தனர். ஆங்கிலேயரிடையே பிளெட்சர், போயர், ஆரோஸ்மித் என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. முதலாவது அம்புக்கு இறகு கட்டியவரையும், இரண்டாவது வில் செய்தவரையும், மூன்றாவது அம்புமுனை அடித்த கொல்லரையும் குறிக்கும்.

பெருவாத்தை வளர்த்தவர் யார்? ஊர்ப் பொதுநிலத்தில் நாலைந்து வாத்துகளை மேயவிட்ட குடியானவன் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலும் அவற்றைப் பார்த்துக்கொண்டனர். நம் லயத்து வீடுகளின் பின்புறம் நாலு கோழி வளர்த்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வீட்டுக்கு ஆகும். மெல்லிறகு மெத்தைக்கு ஆகும். சிறகு எழுதுகோலுக்கு விலை போகும். செப்டம்பர் 29ஆம் நாள் வரும் புனித மைக்கேல் திருநாளில் நிலச்சுவான்தாருக்கு ஒரு வாத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கம். ஏழை வீட்டுக்கு வாத்து ஒரு சிறு சேமிப்பு என்றே சொல்லலாம்.

1417ஆம் ஆண்டு ஐந்தாம் ஹென்றி மீண்டும் பிரான்சுமீது படையெடுக்க ஆயத்தமானார். அப்பொழுது பல மாவட்டங்களின் ஷெரிப்பு என்னும் அதிகாரிகளுக்கு ஓர் ஆணை போயிற்று. ஒவ்வொரு பெருவாத்தின் சிறகிலிருந்தும் ஆறு இறகுகளை எடுத்து, லண்டன் கோபுரக் கோட்டைக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்த ஆணை. குஞ்சு பொரிப்பதற்கென வைத்திருக்கும் வாத்துகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மன்னரின் படை நார்மண்டிக் கரையில் இறங்கியது. அடுத்த ஆண்டாகிய 1418இல் அப்படை ரூவான் என்ற பெருநகரை முற்றுகையிட்டது. அதே ஆண்டில் ஷெரிப்புகளுக்கு மீண்டும் ஆணை வந்தது. இம்முறை கேட்ட தொகை 1,190,000 இறகுகள். அதாவது பதினொரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்!

இந்தத் தொகையைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அம்புக்கு மூன்று இறகு என்றால், நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான அம்புகளுக்கு அது காணும். ஒரு வாத்துக்கு ஆறு இறகு என்றால், ஏறத்தாழ இரண்டு லட்சம் வாத்துகளிடமிருந்து எடுத்தாக வேண்டும். அஜின்கோர்ட்டில் நின்றதைப் போல 5,000 வில்லாளர்கள் நிமிடத்துக்குப் பத்து அம்பு வீதம் எய்தால், நிமிடம் ஒன்றுக்கு 50,000 அம்புகள் பறந்துவிடும். அத்தனை மாவட்டத்து இறகும் எட்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும்! ஒரு வீட்டுக்காரி தன் வாத்தைப் பிடித்து மடியில் வைத்து எடுத்துக் கொடுத்த ஆறு இறகு, இரண்டே அம்புகளுக்குத்தான் ஆகும். ஆயினும் அந்த இரண்டு அம்புகள் ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து வந்ததால்தான் மன்னரின் படை நின்று போரிட முடிந்தது.

இதை நன்கொடை என்று சொல்லலாமா? இந்த இடத்தில் நாம் நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். மனமுவந்து கொடுத்தால் அது கொடை. ஆணைக்குப் பணிந்து கொடுத்தால் அது கடமை, அல்லது சுமை. அந்நாளில் இரண்டும் இருந்தன. வில்லையும் அம்புக் கட்டையும் மகனுக்கோ உறவினனுக்கோ விட்டுச் செல்வதாக உயில் எழுதி வைத்தவர்கள் உண்டு. தங்கள் ஊரிலிருந்து படைக்குப் போகும் இளைஞனுக்கு வில், அம்பு, உடை ஆகியவற்றை ஊரார் சேர்ந்து ஏற்பாடு செய்ததும் உண்டு. பிற்காலத்தில் ஊர்த் தேவாலயங்களிலேயே பொது ஆயுதங்களை வைத்துப் பழுது பார்த்து வந்தார்கள். “நம் ஊர்ப் பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாது” என்ற எண்ணம் எந்த நாட்டிலும் இயல்பானதுதானே!

மற்றொரு பக்கம், சட்டத்தின் கை நீண்டுகொண்டே போயிற்று. 1285ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆணும் தன் தகுதிக்கேற்ற ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஏழைகளின் பங்குக்கு வந்தது வில்லும் அம்பும். 1363ஆம் ஆண்டு மூன்றாம் எட்வர்டு மன்னர், விடுமுறை நாட்களில் பந்தாட்டம், சேவல் சண்டை முதலியவற்றை விட்டுவிட்டு விற்பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். 1472ஆம் ஆண்டு, வெளிநாட்டுச் சரக்குக் கொண்டுவரும் வணிகர்கள் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்மரங்கள் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். வில்லுக்கு உகந்த யூ மரம் உள்நாட்டில் போதுமான அளவு கிடைக்காததே அதற்குக் காரணம். எட்டாம் ஹென்றி காலத்தில், ஏழு வயதான மகனுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்பும் தந்தை வாங்கித் தர வேண்டும் என்றும் சட்டம் வந்தது.

சுமை மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. வாத்திறகு ஆணைக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, 1381ஆம் ஆண்டில், பிரான்சுப் போரின் செலவுக்காகத் தலைவரி வசூலித்தார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தலைக்கு ஒரு ஷில்லிங். செல்வனுக்கு அது ஒரு பொருட்டன்று. கூலிக்காரனுக்கோ பல நாள் சம்பளம். எசெக்ஸ், கென்ட் பகுதிக் குடியானவர்கள் கொதித்தெழுந்து லண்டனுக்கு நடந்தார்கள். அவர்கள் கையிலும் சட்டப்படி வீட்டில் வைத்திருந்த வில் இருந்தது. தாமஸ் வால்சிங்ஹாம் என்னும் துறவி அவர்களை இகழ்ந்து எழுதி வைத்தார். புகை படிந்து பழுப்பேறிய வில்லும், ஆளுக்கு ஒரே அம்பும், அந்த அம்பிலும் பல வேளை ஒற்றை இறகுமே அவர்களிடம் இருந்ததாக அவர் குறிப்பிடுகிறார். அவர் ஏளனமாகச் சொன்னது நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. நாட்டின் படைக்கு வில்லாளரைத் தந்தவர்களிடம், தங்களுக்கென்று ஒரு முழு அம்பு இல்லை. ஜூன் 15ஆம் நாள் அவர்களின் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். அவர்களுக்கு மன்னர் கொடுத்த வாக்குறுதிகளும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

நேயர்களே, இது நமக்குத் தொலைவான கதை என்று எண்ணிவிட வேண்டாம். படைகளின் லாரிச் சக்கரத்துக்கும் காலணிக்கும் ரப்பர் வேண்டும். 1950ஆம் ஆண்டு கொரியப் போர் மூண்டபொழுது உலகச் சந்தையில் ரப்பர் விலை மளமளவென்று ஏறியது. விடியுமுன் எழுந்து, உளி பிடித்து, மரம் சீவிப் பால் சேகரித்த நம் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் உழைப்பும் அந்தச் சக்கரங்களோடு சேர்ந்து உருண்டது. கொரியப் போர் வரலாற்றில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. அன்று இறகு கொடுத்த வீட்டுக்காரியின் பெயர் கிடைக்காததைப் போலத்தான்.

காலப்போக்கில் துப்பாக்கி வந்தது. 1595ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு, ஊர்ப் படைகள் வில்லை விட்டுத் துப்பாக்கிக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தது. இலட்சக்கணக்கில் செய்த அம்புகளெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஆனால் 1545ஆம் ஆண்டு கடலில் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலை 1982ஆம் ஆண்டு வெளியே எடுத்தார்கள். அதிலிருந்து கிடைத்தவற்றுள் 137 முழு நெடுவில்களும், 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் இருந்தன. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடலடிச் சேற்றில் கிடந்தும் தண்டுகள் அழியவில்லை. இறகுகள் மட்டும் அழிந்துவிட்டன. இறகு ஒட்டிய பசையின் தடமும், நூல் சுற்றிய தடமும் தண்டின்மேல் இன்னும் தெரிகின்றன. அந்தத் தடத்தைக் கொண்டுதான் இங்கே இறகு இருந்தது, இத்தனை நீளம் இருந்தது என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள்.

ஏழை எளியவர் வரலாற்றில் விட்டுச் செல்வதும் அத்தகைய தடமே. அதைத் தேடிப் படிப்பது நம் கடமை. ஆகவே, உங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஒரு போரைப் பற்றிப் படித்துவிட்டு வந்தால், எந்த மன்னர் வென்றார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். படைக்குச் சோறு யார் போட்டார், ஆயுதத்துக்குப் பொருள் யார் கொடுத்தார், கொடுத்தவர்களுக்குத் திரும்ப என்ன கிடைத்தது என்றும் கேளுங்கள். பிள்ளைகள் விடை தேடட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். நூல்களில் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கக்கூடும்.