பையன்களுக்குத் தளபதி

மிக்கேல் மகோனே என்ற சிறுவனின் வாழ்க்கையை, தொன் போஸ்கோ என்று அழைக்கப்படும் புனித ஜான் போஸ்கோ 1861-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். மகோனே பெரிய சாதனை எதுவும் செய்தவனல்ல. இத்தாலியின் தூரின் நகரில், தொன் போஸ்கோ நடத்திய வால்தோக்கோ இல்லத்தில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்து, 1859 சனவரியில் பதின்மூன்று வயதில் இறந்துபோனவன். ஆனாலும் வளரிளம் பிள்ளைகளோடு பழகுகிற எவரும் முதலில் படிக்க வேண்டியது இவன் கதையைத்தான் என்பேன்.

1857 இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, கார்மஞோலா ரயில் நிலையத்தில் தொன் போஸ்கோ வண்டிக்காகக் காத்திருந்தார். பனிமூட்டத்துக்குள் பையன்களின் கூச்சல். அத்தனை குரலையும் மிஞ்சி ஒரு குரல் அதட்டிக்கொண்டிருந்தது. அவர் நெருங்கியதும் மற்றவர்கள் ஓட்டம்பிடித்தார்கள். ஒருவன் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, எங்கள் விளையாட்டில் தலையிட நீர் யார் என்று கேட்டான். தன்னை அந்தக் கூட்டத்தின் தளபதி என்றான். என்ன தொழில் என்றதற்கு, சும்மா இருப்பதே தொழில் என்றான். தகப்பன் இல்லை, பிள்ளைகளுக்காகத் தாய் பிறருக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். ஊர்க் குருவானவர் அனுப்பிய விவரமும் சுகமாக இல்லை. வகுப்பையும் மறைக்கல்வியையும் கலைக்கிறவன், அவன் வராத நாளில்தான் அமைதி. கெட்டிக்காரன் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

நம்மில் பலர் அந்தக் குரலில் அடங்காமையை மட்டும் கேட்டிருப்போம். ஒரு கூட்டத்தையே கட்டி நடத்தும் திறமை வேலையற்றுத் தெருவில் நிற்கிறது என்று தொன் போஸ்கோவுக்குப் பட்டது.

வால்தோக்கோவுக்கு வந்ததும் மகோனே திருந்திவிடவில்லை. ஓடுவதும் குதிப்பதும் கத்துவதும்தான் அவனுக்குப் பிடித்திருந்தது; பேச்சில் கெட்ட வார்த்தை வரும். புதிதாக வருகிறவனுக்கு இன்னொரு மாணவனைத் துணையாக வைப்பது அந்த இல்லத்து வழக்கம். கண்காணிப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் கூடவே இருந்து, தவறும்போது அந்தத் துணைவன் எடுத்துச் சொல்வான். ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு மகோனே விளையாட்டை விட்டு ஒதுங்கினான். சில வேளை அழுதான். அப்போதுதான் தொன் போஸ்கோ அவனைத் தனியே அழைத்தார். மனச்சாட்சி சிக்கிக் கிடக்கிறது என்று பையனே வாய்திறந்த பிறகு, பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டினார்.

அந்த ஒரு மாதந்தான் நமக்குக் கைவராதது. முதல் வாரமே புத்திமதி சொல்லி, இரண்டாம் வாரம் பெற்றோரை அழைத்து, மூன்றாம் வாரம் பெயரை அடித்துவிடுகிறோம். தொன் போஸ்கோ அந்த மாதத்தில் கைகட்டி இருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தோழனை வைத்தார், ஓட இடம் கொடுத்தார், முகத்தைக் கவனித்தார். பொறுமைக்கு இத்தனை வேலை இருக்கிறது.

அவர் பொறுமை உபதேசத்தோடு நின்றதும் இல்லை. 1852 பிப்ரவரியில் ஒரு தச்சரிடம் பையனொருவனைத் தொழில் பழகச் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. கூலி படிப்படியாக உயர வேண்டும். பயிற்சிப் பையனை அடிப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், அவன் மதிப்பை அவர் கையெழுத்துப் போட்டுக் காத்தார்.

அவரிடம் வளர்ந்த பிள்ளைகளில் மிக்கேல் ரூவா பின்னாளில் அவர் நிறுவிய சலேசிய சபையை வழிநடத்தினார். ஜொவான்னி கால்யேரோ 1915-இல் கர்தினால் ஆனார். அச்சபையார் 1906-இல் நம் தஞ்சாவூருக்கே வந்தார்கள். இவை மகிழ்ச்சி தருபவைதாம். ஆனால் கர்தினாலாகப் போகிறவனுக்கும் பதின்மூன்றில் சாகப் போகிறவனுக்கும் அவர் கொடுத்த நேரத்தில் பாகுபாடு இல்லை என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

1884 மே 10 அன்று உரோமையிலிருந்து இல்லத்துக்கு அவர் அனுப்பிய கடிதத்தில் ஒரு வேதனை ஒலிக்கிறது. விளையாட்டு வேளையில் பெரியவர்கள் பிள்ளைகளோடு கலந்து நிற்பது குறைந்துவிட்டது. அதனால் பிள்ளைகளின் நம்பிக்கையும் போய்விட்டது என்று வருந்துகிறார். நம் பங்குகளிலும் ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் ஆசிரியர்கள் வண்டியை எடுத்துக் கிளம்பிவிடுகிறோம். பையன்கள் கோயில் வளாகத்திலேயே பந்தோடு நிற்கிறார்கள். பங்குப் பேரவை ஆண்டுத் திட்டம் போடும்போது, நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டைக் குறைத்தாவது, வாரந்தோறும் இரண்டு பெரியவர்களை அந்த அரைமணி நேரத்துக்கு மைதானத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.