கொங்கு நாட்டு எரிவாயுக் குழாய் வழக்கு

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இயற்கை எரிவாயு கொண்டுசெல்லும் குழாயை விளைநிலங்களின் வழியே பதிப்பதா, நெடுஞ்சாலை ஓரமாகப் பதிப்பதா என்பது குறித்து, மத்திய அரசு நிறுவனமான கெயிலுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையே 2013 முதல் 2016 வரை நடந்த வழக்கு இது. மத்திய அரசின் அதிகாரம் எங்கே முடிகிறது என்ற கேள்வியைக் கொங்கு விவசாயியின் தோட்டத்திலேயே எழுப்பிய வழக்கு என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

தமிழ்நாட்டில் குழாய்ப் பாதை கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் செல்வதாக இருந்தது. 1962-ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். அரசு பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பட்டையில் அவர் கிணறு வெட்டவோ, வீடு கட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. இதற்கு இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. பயிர்ச் சேதத்துக்குத் தனி. தென்னையையும் கிணற்றையும் நம்பிய சிறு விவசாயிகள் எதிர்த்ததற்கு இதுவே காரணம்.

அதிகாரப் பங்கீடு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களைக் கொண்டது. நிலம் மாநிலப் பட்டியலில் 18-ஆவது இனம். பெட்ரோலியம் மத்தியப் பட்டியலில் 53-ஆவது இனம். மாநிலப் பட்டியலின் 25-ஆவது இனத்தில் எரிவாயுவும் உண்டு. அதை நம்பி குஜராத் 2001-இல் எரிவாயுச் சட்டம் இயற்றியது. இயற்கை எரிவாயு அந்த இனத்தில் அடங்காது, அது மத்திய அரசுக்கே உரியது என 2004 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. ஆகவே மேலே உள்ள மண் மாநிலத்துக்கும், அடியில் ஓடும் வாயு மத்திய அரசுக்கும் உரிய பொருள்களாயின.

வழக்கின் போக்கு

2013-இல் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு ஆணையிட்டது. கெயில் வழக்குத் தொடுத்தது. அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் ரத்து செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரி 2 அன்று தள்ளுபடி செய்தது. விவசாயிகளின் எதிர்ப்பு அதன் பின்னும் ஓயவில்லை.

முக்கியத்துவம்

மத்தியப் பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டால், மாநில அரசின் நிர்வாக ஆணை அதைத் தடுக்க இயலாது. அங்கே மத்திய அரசைக் கட்டுப்படுத்துவது அதன் சொந்தச் சட்டமும் நீதிமன்றமுமே. அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; குடியிருப்பு நிலத்தில் குழாய் பதிக்கக்கூடாது; குழாய் குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கவேண்டும். இந்த வரம்புகளை விவசாயி அறிந்திருப்பது அவருக்குப் பெரும் பாதுகாப்பு.